சீப்புப் பாட்டும் கீழத்தெரு ஓட்டும்

சத்தியம் தம்பி, சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், ரோட்டோரம் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே உங்கள் மஞ்சள் பொக்லைன், அது இந்தக் கடைமேல் ஏறுவதற்கு முன்னால் என்மேல் ஏறட்டும். இந்த ஊரில் எவனைக் கேட்டாலும், "ஐயம்பெருமாளா? வாயத் தொறந்தா புளுகு" என்பான். அவன் கிடக்கிறான். நான் புளுகுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் புளுகமாட்டேன். வயிறு எரிகிறபோது எவனுக்குத் தம்பி புளுக வரும்?

உட்காருங்கள். எஞ்சினீயர் சொல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்றுதானே உத்தரவு? அவர் டவுனில் காப்பி குடித்து முடித்துவிட்டுத்தான் எதையும் சொல்வார். அதுவரை இந்தக் கடலை மிட்டாயை வாயில் போடுங்கள். காசெல்லாம் வேண்டாம். கடையையே பெயர்த்தெடுக்க வந்த ஆளிடம் மிட்டாய்க்குக் காசு வாங்குவதா?

உங்களுக்கு எந்த ஊர்? தர்மபுரிப் பக்கமா? அப்படியானால் எங்கள் பூவுடையான்குளம் சீப்புப் பாட்டு அங்கே வந்து சேர்ந்திருக்காது. வந்திருக்கும், வந்திருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

என்னது, பாட்டைக் கேட்டு எவன் ஐயா ஓட்டுப் போடுவான் என்றா கேட்கிறீர்கள்? இதைத்தான் இந்த ஊரும் கேட்கிறது. கேட்டுக்கொண்டே பாட்டையும் பாடுகிறது. முதலில் பாட்டைக் கேளுங்கள். பிறகு பேசலாம்.

வாரு வாரு வகிடெடுத்து வாரு
ஊருச் சிக்கு எல்லாம் ஓடும் பாரு
எடு எடு சீப்பை எட்டி எடு
குத்து குத்து முத்திரை குத்திப் போடு!

எப்படி? கால் ஆடுகிறதே உங்களுக்கு! ஆடவில்லையா? செருப்பு ஆடியதை நான் பார்த்தேன் தம்பி, என்னிடம் மறைக்காதீர்கள்.

இந்தப் பாட்டை எழுதியது நான். மெட்டுப் போட்டது நான். மைக்கில் பாடியது நான். யாருக்காக? என் மச்சினன் கோமதிநாயகத்துக்காக. என் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த தம்பி, செங்கல் சூளைக்காரன். போன தேர்தல் வரைக்கும் அவன்தான் இங்கே பஞ்சாயத்துத் தலைவர். இந்தப் பெட்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, ரோட்டைப் பார்த்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அது அவன் வைத்துக் கொடுத்தது. கீழே ஒரு ஓடை மாதிரி ஏதோ இருந்தது. பலகைக்கல் போட்டு மூடி, மேலே சிமெண்டு பூசி, "இதுல வைங்க அத்தான், எவன் கேக்கான்னு பாப்போம்" என்றான். சொந்த அக்கா புருஷனுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?

மழை பெய்தால் கீழத்தெரு வீடுகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் போகும். கொஞ்சம்தான். ஒரு முழங்கால். கீழத்தெரு என்று பேர் வைத்துக்கொண்டு மேலேயா தண்ணீர் ஓடும்? அதற்கு என் கடைமேல் பழி. ஒவ்வொரு மழைக்கும் கடைவாசலில் வந்து நின்று, "பெரியவரே, ஒங்க கடையால எங்க அடுப்பு மெதக்கு" என்பார்கள். நான் என்ன மழையா பெய்வித்தேன்?

அந்தத் தெருவில் ஒருத்தி, பேச்சித்தாய் என்று. இப்போது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான். அப்போது அவளுக்கு நாற்காலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நூறுநாள் வேலையில் மண்வெட்டி பிடித்தவள். தண்ணீர்த்தொட்டி மோட்டார் எரிந்துபோய் என் மச்சினன் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த மோட்டாரைக் கழற்றி புருஷனுடைய மொபெட்டில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்க் கம்பி சுற்றிச் சரிபண்ணிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் ஒரு பெரிய காரியமா? மொபெட் இருக்கிற யாரும் செய்வார்கள். அவள்தான் தலைவர் தேர்தலுக்கு நிற்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வென்றால் முதல் வேலையாக ஓடையைத் திறப்பேன் என்று சொன்னாளாம். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடையைத் திறப்பது என்றால் என்ன அர்த்தம்? கடையைத் தூக்குவது என்று அர்த்தம். இந்த வயசில் இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு எது இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்தால் என் பேச்சைக் கேட்க ஆள் உண்டா? என் வீட்டுக்காரி காதில் பஞ்சு வைத்திருக்கிறாள். குளிருக்கு என்கிறாள். சித்திரை மாசத்தில் என்ன குளிர்?

அதனால்தான் தம்பி, உயிரைக் கொடுத்துப் பாட்டு எழுதினேன்.

முன்னால் நின்ற தேர்தலில் எல்லாம் என் மச்சினனுக்குக் கிடைத்தது சீப்புச் சின்னம். சீப்பு என்றால் கோமதிநாயகம், கோமதிநாயகம் என்றால் சீப்பு. அதனால் நாமினேஷனுக்கு முன்பே பாட்டு தயார். அவன் பேரையும் பாட்டில் சேர்க்கத்தான் பார்த்தேன். கோமதிநாயகம்! அந்தப் பேரை எந்த மெட்டில் நுழைப்பீர்கள், சொல்லுங்கள்? கூட்ஸ் வண்டி மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. விட்டுவிட்டேன். சின்னம் இருந்தால் போதாதா?

அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. ரேடியோசெட்காரனிடம் சொல்லி, காலையிலிருந்து கூம்பு ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டுத்தான். கொடை முடிவதற்குள் ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. பஸ் கண்டக்டர் இந்த மெட்டில் விசில் அடிக்க, டிரைவர் பாட்டு முடிகிறவரை வண்டியை நிறுத்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தார்கள். சுப்பையா வாத்தியாருக்குத் தலையில் மருந்துக்கு ஒரு மயிர் கிடையாது. அவர் டவுனுக்குப் போய்ச் சீப்பு வாங்கி வந்தார். "எதுக்கு சார்?" என்றால், "கெடக்கட்டும்வே" என்றார். வடக்குத்தெருவில் ஒரு கிழவர் செத்துப்போனார். மேளக்காரர்கள் இதே மெட்டை எடுத்தார்கள். பாடையில் கிடந்தவரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. ஆடியதா என்று கேட்காதீர்கள். நான் சத்தியம் செய்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் மச்சினன் குஷியாகி, மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் சீப்பு இறக்கி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டான். கீழத்தெருவுக்கும் கொடுத்தான்.

பிறகு யூனியன் ஆபீசில் சின்னம் ஒதுக்கினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். "சீப்பு யார் கேட்டிருக்கீங்க?" என்றார் அதிகாரி. மச்சினன் கையைத் தூக்கினான். பின்பெஞ்சிலிருந்து இன்னொரு கை எழுந்தது. பேச்சித்தாய்!

"ஏம்மா, அது எங்க சின்னம்லா?" என்றேன்.

"சின்னத்துல பேரு எழுதியிருக்கா அண்ணாச்சி?" என்றாள். "எங்க தெருப் பிள்ளைகளெல்லாம் அதத்தான் பாடுதுக. இனிமே வேற சின்னத்த எங்க போயி படிச்சுக் குடுக்க?"

எப்படி நியாயம்? பாட்டு என்னுடையது, சீப்பு என் மச்சினனுடையது, அவளுக்குப் படித்துக் கொடுக்கச் சோம்பலாக இருக்கிறதாம்! இரண்டு பேர் ஒன்றையே கேட்டால் சீட்டுக் குலுக்கவேண்டும் என்றார் அதிகாரி. ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். குலுக்கியது சரியில்லை தம்பி, மேலே கீழே குலுக்காமல் பக்கவாட்டில் குலுக்கினார். சீப்பு அவளுக்கு விழுந்தது. என் மச்சினனுக்கு உலக உருண்டை.

உலக உருண்டை! அதற்கும் ஒரு பாட்டு எழுதினேன். "உருண்டை" என்று ஆரம்பித்தாலே வாய் எள்ளுருண்டைக்குப் போய்விடுகிறது. ஒரு பிள்ளைகூடப் பாடவில்லை. எல்லா வாயிலும் சீப்பு. எல்லாத் தலையிலும் சீப்பு. கொடுத்ததைத் திரும்பக் கேட்கப் போன ஆளிடம், "பாதித் தல வாரியிருக்கேன், மீதிய ஒங்க உருண்டைய வச்சு வாரவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு, என் பாட்டை நானே கொல்வது என்று இறங்கிவிட்டேன். ஆட்டோவில் மைக்கைக் கட்டினேன்.

வாராதே வாராதே சீப்பால் வாராதே
பல்லுப்போன சீப்பை நம்பிக் கெடாதே!

தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனேன். ஆட்டோ சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் ஓடிவந்து பின்னாலேயே பழைய பாட்டைப் பாடும். நான் மைக்கில் "வாராதே" என்றால் அதுகள் "வாரு வாரு" என்று நாலு பங்கு சத்தத்தில். கடைசியில் ஆட்டோக்காரன், "தாத்தா, நாம எந்தக் கட்சி?" என்று கேட்டான். பேசாமல் ஓட்டுலே என்றேன்.

இப்போது சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்ன, இன்னொரு தடவை பாடவா? பழைய பாட்டையா? பாடுகிறேன், பாடுகிறேன். "வாரு வாரு வகிடெடுத்து வாரு... ஊருச் சிக்கு எல்லாம் ஓடும் பாரு..." ஆகா, மூன்றாவது வரியை நீங்களே பாடுகிறீர்களே! குரல் நன்றாக இருக்கிறது தம்பி. "எட்டி" என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்துங்கள்.

இப்போது வருவதுதான் எனக்கு ஆறாத இடம்.

பிரச்சாரம் முடிகிற அன்று விடிய விடிய மழை. காலையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். ஆட்டோ சக்கரம் பாதி முங்கி நின்றுவிட்டது. பார்க்கிறேன், தெரு முழுக்கப் பொம்பளைகள் வாசலில் நின்று தண்ணீரை வாளியால் கோரிக் கோரி வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பேச்சித்தாய். வேட்பாளர் மாதிரியா இருந்தாள்? மாலை உண்டா, கும்பிடு உண்டா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரோ ஒரு கிழவியைக் கட்டிலோடு தூக்கி உயரத்தில் வைக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசி நாளில் ஓட்டுக் கேட்காமல் கட்டில் தூக்குகிறவளை எவன் மதிப்பான் என்று நினைத்தேன்.

அப்போது காதில் விழுந்தது. தண்ணீர் கோருகிறவர்கள் பாடுகிறார்கள். என் மெட்டு!

கோரு கோரு குனிஞ்சு கோரு
வீட்டுத் தண்ணிய வெளிய ஊத்து
எடு எடு வாளிய எட்டி எடு
ஓடைய மூடுன கல்லைத் தோண்டிப் போடு!

கேட்டீர்களா அக்கிரமத்தை? "வாரு"வுக்குப் "பாரு" போட்டு நான் எதுகை கட்டி வைத்திருக்கிறேன். இவர்கள் "கோரு"வுக்கு "ஊத்து" போடுகிறார்கள்! ஒட்டுகிறதா தம்பி? கடைசி வரியில் தாளம் கால் ஒடிந்து கிடக்கிறது. மூன்றாவது வரியில் மட்டும் சீப்புக்கு வாளி போட்டு, மீதியை என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாட்டைக் கெடுக்கிறார்களே! மைக்கைப் பிடித்து, "எதுகை தப்பு! எதுகை தப்பு!" என்று கத்தினேன்.

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "பெரியவரே, ஒங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குத் தண்ணிய வடியவைக்கத் தெரியுமா?" என்றாள்.

பார்த்தீர்களா? நல்லாத்தான் இருக்கு என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

தேர்தல் முடிந்து ஓட்டுச் சீட்டைக் கொட்டி எண்ணினார்கள். கீழத்தெருப் பெட்டியில் சீப்பைத் தவிர வேறு எதிலும் முத்திரையே இல்லை. என் மச்சினன் முகம் சூளையில் வெந்த கல் மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டான். "ஒம்ம பாட்டாலதான்வே தோத்தேன்! வேற ஒரு காரணமும் கெடையாது! இனிமே எம் மூஞ்சில முழிக்காதீரும்!" என்றான். அத்தான் போய் "ஒம்ம" வந்துவிட்டது, பாருங்கள். அன்றைக்குப் பேசியதுதான். அக்காளைப் பார்க்க வந்தால்கூட நான் கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வருகிறான்.

பாட்டைக் கேட்டு எவன் ஓட்டுப் போடுவான் என்று கேட்டீர்களே, தோற்றவனே சொல்கிறான், பாட்டால் தோற்றேன் என்று. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? தண்ணீராவது, மோட்டாராவது! அவனுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம், இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

சரி, ஜெயிக்க வைத்தது நான் என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? கடையை எடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன்.

"பேச்சி, நீ உக்காந்திருக்க நாக்காலி எம் பாட்டு போட்ட நாக்காலி" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. உக்காருங்க, காப்பி வாங்கியாரச் சொல்லுதேன்."

"காப்பி கெடக்கட்டும். கடைய எடுக்கச் சொல்லுதியாமே?"

"ஓடைக்கு மேலல்லா இருக்கு அண்ணாச்சி."

"நீ ஓட்டு வாங்குனது யாரால?"

"நான் மைக்கே கட்டலியே அண்ணாச்சி. வீடு வீடாப் போயி ஒரே ஒரு விஷயந்தான் சொன்னேன். ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடைக்கு அடியில தண்ணி போற வழி இருக்கு, அதத் தொறந்து விடுதேன்னு சொன்னேன். அதுக்குத்தான் போட்டாக."

மைக் கட்டவில்லையாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம்! அவள் எதற்குக் கட்டவேண்டும்? அவளுக்கும் சேர்த்து நான் கட்டியிருந்தேனே! அதைச் சொன்னேன். அதற்கும் கோபப்படாமல், "நூலகத்துக்குப் பக்கத்துல எடம் ஒதுக்கித் தாரோம், கடைய அங்க வச்சுக்கிடுங்க" என்கிறாள். நூலகம்! அங்கே பேசக்கூடாது என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள் தம்பி. அதற்குப் பக்கத்திலா என்னைக் கொண்டுபோய் வைக்கிறது? இது கடையை மாற்றுவதா, என் வாயை அடைப்பதா?

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள்.

எஞ்சினீயரா? என்ன சொல்கிறார்? வரவில்லையாமா? கடைக்குப் பக்கத்தில் அவர் கிழித்துவைத்த சுண்ணாம்புக் கோட்டைப் பிடித்துத் தோண்டிவிட்டு, அப்புறம் கடையைத் தூக்கச் சொல்கிறாராக்கும். சரி. எழுந்திருங்கள். உங்கள் வேலை உங்களுக்கு. வண்டியைக் கிளப்புங்கள்.

நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்ன.

தம்பி... நில்லுங்கள். வண்டி ஏணியில் காலை வைக்காதீர்கள். இறங்குங்கள் என்கிறேன்.

அந்தக் கோட்டுக்கு அடியில் ஓடை இல்லை. தொட்டியிலிருந்து வருகிற குடிதண்ணீர்க் குழாய் போகிறது. ஓடையின் வாய் இதோ, நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே. கல் போடும்போது பக்கத்தில் நின்றவன் நான். எஞ்சினீயர் புதிது; கடை மறைப்பதால் குத்துமதிப்பாக நாடாவைப் பிடித்துக் கோடு கிழித்துவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என்னை யாராவது கேட்டார்களா? குழாய் உடையட்டும், தண்ணீர் பீச்சட்டும், ஊர் முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேச்சித்தாய் வாசலில் போய் நிற்கட்டும், ஓடையாவது மண்ணாவது என்று வேலையே நிற்கட்டும் என்றுதான் இருந்தேன். அதனால்தான் ஒரு மிட்டாய்ப் போத்தலைக்கூட இறக்கி வைக்கவில்லை. காலையிலிருந்து அந்த வேடிக்கைக்குத்தான் காத்திருந்தேன்.

ஆனால் குழாய் உடைந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? எஞ்சினீயர் டவுனில் இருக்கிறார். பேச்சித்தாய் தலைவர். அசலூர்க்காரர், வண்டி ஓட்டுகிறவர், கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்பவர் நீங்கள்தான். குடத்தோடு வருகிற பொம்பளைகளை உங்களுக்குத் தெரியாது தம்பி, எனக்குத் தெரியும். இந்த ஊரில் என் பாட்டை இரண்டாம் தடவை பாடச் சொல்லிக் கேட்ட ஆள் நீங்கள் ஒருத்தர்தான். உங்களை அடிபட விட்டுவிட்டு நான் மிட்டாய் விற்கவா?

இருங்கள், போத்தல்களை இறக்கிவிடுகிறேன். அந்தப் பக்கம் பிடியுங்கள். மெதுவாக. பின்னால் இரண்டு கொக்கி இருக்கிறது, சங்கிலியை அதில் மாட்டித் தூக்கினால் தகரம் நெளியாது. நூலகத்துப் பக்கமாகவே இறக்குங்கள். அங்கே வைக்க நான் சம்மதித்தேன் என்று அர்த்தம் இல்லை. எங்கேயாவது இறக்கவேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். அப்புறம் இந்தக் கல்லுக்கு நேராக வண்டியின் வாளியை இறக்குங்கள். ரொம்ப ஆழம் வேண்டாம், தானாக வழி தெரியும்.

ஓடை வாய் இதுதான் என்று யார் காட்டினது என்று பேச்சித்தாய் கேட்பாள். கேட்காமல் விடமாட்டாள். "மண்ணின் ஈரத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். என் மச்சினன் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்கள். ஐயம்பெருமாள் சொன்னான் என்று மட்டும் ஒரு ஆளிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள் தம்பி.